தூங்குமூஞ்சி மரத்தடிச் சபை

மலாயாவின் மூவார் நகரில் அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கென்று கட்டிய வீட்டு வரிசையில் நாங்கள் குடியிருந்தோம். தெருப் பாதியில், நடைபாதை ஓரமாக ஒரு தூங்குமூஞ்சி மரம். பொழுது சாய்ந்தால்தான் அது இலையை மடக்கித் தூங்கும். அதன் அடியில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் ஆண்களுக்கு அந்தக் கால நேரமெல்லாம் கிடையாது.

அந்த மரத்தின் வேர் ஒன்று நடைபாதைக்கு அடியில் புகுந்து செங்கற்களை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தது. ஒருநாள் தூக்குச்சட்டியில் ரசம் எடுத்துக்கொண்டு போகும்போது அதில் தடுக்கி விழுந்தேன். தெருக்கோடியில் என் அக்காள் வீடு. அவளுக்கு நிறைமாதம், முதல் பிரசவம். அத்தான் நில அளவை வேலையாகக் காட்டுக்குள் போயிருந்தார். கடல் தாண்டி வந்த ஊரில் அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு நாதியில்லை.

முழங்கால் சிராய்ந்து, புடவையெல்லாம் ரசமாக வீடு திரும்பினேன். சுங்க இலாகாவில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர் முதலில் தூக்குச்சட்டியைத்தான் வாங்கிப் பார்த்தார்.

"நசுங்கிப் போச்சே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கீழ பார்த்து நடந்தா என்ன?"

கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது. அதை அவருக்கு யார் சொல்வது?

"பாதை சரியாகுற வரைக்கும் நீ வெளிய போக வேணாம்" என்றார். "கையக் கால ஒடிச்சுக்கிட்டா அப்புறம் சோறு யாரு பொங்குறது?"

இந்தச் சட்டம் மறுநாளே தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி டிரெசர், காயங்களுக்குக் கட்டுப் போடுகிறவர். அவர் தன் மனைவியை உள்ளே வைத்தார். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஓவர்சியர். எங்கள் தெரு உட்பட ஊர்த் தெருக்களைப் பராமரிப்பதுதான் அவருடைய உத்தியோகம். அவரும் தன் மனைவியை உள்ளே வைத்தார். ரோட்டைத் திருத்தச் சம்பளம் வாங்கியவர் பெண்டாட்டியைத் திருத்தினார்.

அன்றிலிருந்து மரத்தடியில் தினமும் மாலையில் இந்த வேரைப் பற்றித்தான் பேச்சு. சன்னலில் நின்றால் ஒரு சொல் தப்பாமல் கேட்கும்.

"வேரை வெட்டினால் மரம் சாயும். சாய்ஞ்சால் நான்தான் பதில் சொல்ல வேணும்" என்பார் ஓவர்சியர்.

"புண்ணு பழுக்கட்டும். பழுக்காம கத்தி வைக்கக் கூடாது" என்பார் டிரெசர்.

"மரத்தையே எடுத்துட்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். உடனே மூவரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மரம் போனால் நாற்காலியை எங்கே போடுவது? பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஒரு மாலை ஓவர்சியரே அந்தச் செங்கல்லில் இடறிக் குப்புற விழுந்தார். மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான். எழுந்து, புதுச் சப்பாத்து சரியில்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற இருவரும் சப்பாத்துக் கடைக்காரனைத் திட்டினார்கள். அவரை வீட்டுக்குள் இருக்கச் சொல்லி ஒருவரும் சட்டம் போடவில்லை.

நான் ரசத்தைப் பால்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அக்காளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் என்று அவர் வந்து சொல்வார். வீட்டுக்காரரிடம் சொன்னால், "பாதைதான் பேசிட்டு இருக்கோமே" என்பார்.

அப்போது ஒரு வெள்ளைக்காரத் துரைசானி எங்கள் தெருவில் காலி வீடு பார்க்க வருகிறாள் என்று செய்தி வந்தது. வந்ததே பார்க்கணும் சுறுசுறுப்பு. வாரக்கணக்கில் பேசியும் அசையாத செங்கல் இரண்டே நாளில் பெயர்ந்தது. வேரையும் வெட்டவில்லை, மரத்தையும் தொடவில்லை. ரோட்டோரமாகக் கொஞ்சம் ஒதுங்கி, மரத்தைச் சுற்றிப் பாதையைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். துரைசானி வந்தாள், பார்த்தாள், வீடு பிடிக்கவில்லை என்று போய்விட்டாள். பாதையை அவள் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பதில் எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தூக்குச்சட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரர் வாசலில் மறித்தார்.

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு. பாதைதான் சரியாயிருச்சே."

"அதுதான் சொல்றேன். பாதை நல்லாயிருச்சுன்னு கண்டவனும் இப்ப நம்ம தெருவுல நடக்குறான். குடும்பப் பொம்பளைங்க போற நேரமா இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அடக்க முடியாத கோபமும் வந்தது. இத்தனை நாளும் ஒரு வேரைக் காரணம் என்று நம்பி, சன்னலில் நின்று காத்துக்கொண்டிருந்தேனே என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

"கெட்ட பாதையில போனா விழுந்துருவேன். நல்ல பாதையில போனா கெட்டுருவேன். அப்படித்தானே?" என்றேன். அவரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அக்காள் வாசற்படியில் நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே வலியாம். பால்காரர் வந்து போன பிறகு வலி கண்டதால், கூப்பிட்டு அனுப்ப ஆளில்லை. தூக்குச்சட்டியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடி மருத்துவச்சியைக் கையோடு இழுத்து வந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

"இன்னும் செத்த நேரம் போயிருந்தா ரெண்டு உசிரும் தங்கியிருக்காதும்மா" என்றாள் மருத்துவச்சி, கையைக் கழுவிக்கொண்டே.

அக்காளுக்குப் பத்தியம் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே தங்கிவிட்டேன். ஓவர்சியர் மனைவி குழந்தையைப் பார்க்க வந்தாள். தன்னந்தனியாக நடந்தே வந்தாள். முந்தின மாலை மரத்தடியில் என் வீட்டுக்காரர் பேசியதை எனக்கு அப்படியே சொன்னாள்.

"நல்லவேளை, நான்தான் அவள அனுப்பி வெச்சேன்."