முதல் கவளம்

புத்தூர் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராசோடு சேருமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடங்கள். அதனால், எல்லைக்கோடு போட வருகிறவர்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று என் கணவர் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ் வாத்தியார், வேலை போய்விடுமென்ற பயம் என்றார்கள். சோற்றில் விஷம் இருக்கிறதென்று தட்டைத் தள்ளியபோதுதான் இது வேலை பயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. சமைத்தது நான்.

காளஹஸ்திக்குப் போய்ப் பரிகாரம் செய்தோம். பிறகு மதராசுக்கு ரயிலேறினோம். டாக்டர் ஸ்கிசோஃப்ரினியா என்றார். யார் செய்த பாவமும் அல்ல, மூளையில் வரும் வியாதி, மாத்திரையும் சாப்பாடும் தவறக்கூடாது என்றார். ஊர் திரும்பியதும் மாமியார் அதை நரம்புத் தளர்ச்சி ஆக்கிவிட்டார். அப்படியும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

தட்டை வைத்தால், "மொதல்ல நீ துன்னு" என்பார். எதிரில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து விழுங்கிக் காட்டுவேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கை வைப்பார். அந்தச் சோற்றை நம்பித்தான் மாத்திரையும் உள்ளே போயிற்று.

"இன்னாடி அநியாயம், புருசன் துன்றதுக்கு முன்னால நீ துன்னுக்கினு கீறியே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் துன்னலைன்னா உங்க புள்ள பட்டினி, அத்தே."

புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் போயிற்று. பெருமாளுக்குக் கோபம் வந்தால் திருப்பதி மலையிலிருந்து இறங்கி வந்து அவரே ஊட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னால் சிரிப்பார்கள், அந்தக் கவளத்துக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர், அந்த நேரம் மட்டும்தான் என்னைப் பார்த்தார். ஒருநாள், "உப்பு சரியா கீதா?" என்றுகூடக் கேட்டார். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மத்தியானம் தட்டை வைத்துவிட்டு நான் உட்காருவதற்குள் அவர் பிசைந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார். மாமியார் கண்ணீரோடு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனாலும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கு வேலை இல்லியா?" என்றார், தலை நிமிராமல்.

அடுப்படிக்குப் போய் எனக்கென்று ஒரு தட்டில் போட்டுக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு தனியாக நான் சாப்பிட்டதில்லை.