சுவரில் சாய்ந்த பலகை

அந்தப் பலகை மறுபடியும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். வேப்பமரத்தில் அறுத்த பலகை. ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது, கீழ் ஓரம் பழைய ஈரத்தில் கறுத்துப்போயிருக்கிறது. ஆரணியில் குழித்தறி போட்டிருந்த எங்களைப் போன்றவர்கள் வீட்டில் இப்படி ஒரு பலகை கட்டாயம் இருந்தது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்வார்கள். மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, குழியில் ஊறிவிடும். தறி நின்றுபோகும். குழியை இறைத்துவிட்டுப் பலகையைப் போட்டு மூடி வைப்பார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் மூடியாயிற்றா என்று இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஓர் ஐப்பசி மழையில் அது மூடாமல் கிடந்தது. அண்ணனின் மகன் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தான். நான் பட்டுக்கடையில் வேலையில் இருந்தேன். ஆள் வந்து சொன்னதும் கையிலிருந்த சேலையோடு தெருவில் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு அது நினைவில்லை. கூடத்தில் அண்ணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. எதிர்ச்சுவரில் பலகை சாய்ந்து நின்றது நினைவிருக்கிறது. குழியில் இருந்தது முழங்காலுக்கும் எட்டாத தண்ணீர்.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணி என்னிடம் மட்டும் சொன்னார். “நான் பாத்தேன் பாப்பா. பலகை சுவத்துல நிக்கறத பாத்தேன். மூடணும்னு நெனச்சேன். அதுக்குள்ள கடை ஆளு ஜல்தி ஜல்தின்னு கதவ தட்டிகினு நின்னான். சேலைய குடுத்துட்டு வந்து மூடிக்கலாம்னு போனேன்.” கல்யாணச் சேலை, அவசரம் என்று கேட்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்று மடிப்பைப் பிரித்துக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பலகையைக் குழியிலிருந்து எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்ணன் குழியை மண் கொட்டி மூடி, தறியை மரச்சட்டத்தில் தூக்கி நிறுத்தினார். பலகையை அடுப்புக்குப் பிளக்கப் போனவரை அண்ணி தடுத்து, அதே சுவரில், தறியில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் திரும்பச் சாய்த்து வைத்தார். அண்ணன் அவரைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. சோறு கேட்பார், நூல் கேட்பார், குழந்தையின் பேரை மட்டும் எடுக்க மாட்டார். அந்த வீட்டுக்குள் போனால், ஏதாவது கத்தித் தொலையுங்களேன் என்று தோன்றும்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அண்ணியும் பிறந்ததிலிருந்தே கோவிலுக்கு, சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், போகிறவர். ஆனால் குழந்தை போவதற்கு முன்பு எல்லாரையும் போலப் போனார், பிரசங்கம் நீண்டால் எல்லாரையும் போலத் தூங்கினார். அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். கோவிலைக் கூட்டுவது, துடைப்பது, மாதர் சங்கத்துக்குச் சமைப்பது, எல்லாம் அவர் தலையில். வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ் பிடித்துப் போய், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வருவார். அந்தக் கஞ்சியைக் குடித்தவர்களுக்குப் பசி ஆறியது, அதில் ஒரு பொய்யும் இல்லை. அண்ணிக்குத்தான் எதுவும் ஆறவில்லை. இளைத்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அடுத்த வீட்டு அக்கா ஒருமுறை என்னைப் பிடித்துக் கேட்டார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. “எங்காத்தாளுக்கு வேண்டிகினு செஞ்சிட்டா மனசு ஆறிடும். உங்க சாமி இன்னாதான் கேக்குது அந்தப் பொண்ணாண்ட?”

“ஒண்ணும் கேக்கலையாம்க்கா. சும்மாவே குடுக்குறேன்னு சொல்லுதாம்.”

“அதாம்மா பேஜாரு. ஒண்ணுமே கேக்காத சாமியாண்ட எதைக் குடுத்து தீத்துக்கறது?”

எங்கள் போதகர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை என்று எனக்குத் தோன்றியது. கிருபையினால்தான் இரட்சிப்பு, அதை விசுவாசத்தினால் பெற்றுக்கொள்ள வேண்டும், நம் கிரியை, நாம் செய்யும் எந்த நற்செயலும், அதற்கு ஈடாகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் தொழில் எங்களுக்கு வேறொன்றைச் சொல்லிக் கொடுத்திருந்தது. நெய்து முடித்த சேலையைக் கடையில் கொடுத்தால் என்னைப் போல ஒருத்தி அதை வெளிச்சத்தில் பிரித்துப் பிடிப்பாள். எங்கேயாவது இழை விட்டிருந்தால், குறுக்கே ஓடும் ஊடை தளர்ந்திருந்தால், விரலை வைத்துவிடுவாள். கூலியில் பிடிப்பார்கள், இல்லையென்றால் சேலையே திரும்பி வரும். வாரம் ஆறு நாள் இப்படிப் பிழைத்துவிட்டு, ஏழாம் நாள் மட்டும் குறையோடு வந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது? அண்ணி கடவுளையும் பட்டுக்கடை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார். “கடைசில அவரும் வெளிச்சத்துல பிரிச்சித்தான பாப்பாரு பாப்பா?” என்று என்னிடமே கேட்டார்.

அப்படித்தான் அந்தத் துணி தறியில் ஏறியது. கோவிலில் திருவிருந்து மேசைக்கு விரிக்க ஒரு வெள்ளைப் பட்டுத் துணி. இயேசு நம் பாவத்துக்காகத் தன்னைக் கொடுத்ததை நினைத்து அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற மேசை அது. அதைக் குறையில்லாமல் நெய்து கொடுத்த பிறகுதான் அப்பமும் ரசமும் வாங்குவது என்று அண்ணி தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் எழுந்து போய் மேசை முன்னால் முழங்கால் போடுவோம். அண்ணி கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால், “முடிச்சிட்டு வரேன்” என்பார்.

அது முடியவே இல்லை. கூலிச் சேலை நெய்தது போக மிச்சமிருந்த நேரத்தில் ஒரு முழம் நெய்வார். மறுநாள் அதில் ஒரு குறையைக் கண்டுபிடிப்பார். அதுவரை பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார். பிரித்துப் பிரித்து, நெடுக ஓடும் பாவு நூல் பிசிறடித்தது, பிசிறடித்த நூலில் மறுபடி குறை வந்தது. என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். ஊரில் உள்ள நெசவுக்காரர்கள் எல்லாம் எமனைப் பார்ப்பது போலப் பார்க்கிற கண் என்னுடையது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, “ஒரு குறையும் இல்ல அண்ணி, அறுத்து எடுத்துடுங்க” என்று கூசாமல் சொல்வேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கண்ணில் முன்பே பட்டிருந்த அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்தத் துணியைக் கொளுத்திவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மாறி மாறி வந்த போதகர்கள் எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். “உங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா, அது ஒரு விபத்து.” நானும் அதையேதான் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். எங்களை வாசல்வரை வந்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் போய்ப் பலகைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். பார்த்தும் மூடாமல் போனது அவர்தான். அது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நாங்கள் கொடுத்த ஆறுதல் அவருக்குள் இறங்கவில்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. தறியிலேயே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சில் பாதி போய்விட்டது. வேலூரிலிருந்து திரும்பிக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டோம், பக்கத்திலேயே அரைகுறையாக நின்ற தறி. இனி அந்தக் கையால் ஊடை நூல் சுற்றிய நாடாவை எடுத்துப் போட முடியாது என்று அவருக்குப் புரிந்த அன்று அழுத அழுகையை நான் குழந்தை போன அன்றுகூடப் பார்க்கவில்லை. கோணிய வாயோடு, “முடிக்கல... முடிக்கல...” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரட்சிப்பு கிரியையினால் இல்லை என்பதைப் பிரசங்கத்தில் கேட்க இதமாக இருக்கும். கிரியையே செய்ய முடியாத உடம்பாகக் கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்தபோது எனக்கு அந்த வார்த்தை பயமாக இருந்தது. கிருபையைத் தவிர அவரிடம் வேறெதுவும் மிச்சமில்லை, அதையோ அவர் நம்பவில்லை.

புதிதாக வந்திருந்த போதகர் அதிகம் பேசாதவர். ஒரு மாலை சிறிய பெட்டியில் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்துவிட்டு, “வைக்கறதுக்கு ஏதாவது மேசை இருக்குங்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் மேசை ஏது? நான் முக்காலியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அண்ணன் எழுந்தார். சுவரில் சாய்ந்திருந்த பலகையை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், பழைய குழி இருந்த இடத்தில், இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் படுக்க வைத்தார். அடுப்புக்குப் பிளக்கப் போன நாளுக்குப் பிறகு பலகையை அவர் தொட்டு அன்றுதான் பார்த்தேன். அண்ணி கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பட்டு இல்லை, துணியே இல்லை. கரையான் தின்ற மூலைக்குப் பக்கத்தில் போதகர் தட்டை வைத்தார்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வேணா... என் தப்பு...” என்றார். நான் வழக்கம்போல வாயைத் திறக்கப் போனேன். போதகர் முந்திக்கொண்டார்.

“ஆமாம்மா. தப்பு உங்களுதுதான். இல்லேன்னு சொல்றதுக்கு நான் வரல. தப்பு இருக்கறவங்களுக்குத்தான் இது. இத எடுத்துகினு வந்ததே அதுக்குத்தான்.”

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. சாகக் கிடக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அண்ணியின் முகம் மெல்லத் திரும்பியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக யாரோ அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி வாயைத் திறந்தார். பாதி வாய்தான் திறந்தது. போதகர் வைத்த அப்பம் நழுவிப் பலகையில் விழுந்தது. அவர் அதை எடுத்து மறுபடி வைத்தார். விசுவாசம் என்றால் மலையைப் பெயர்ப்பது போல ஏதோ பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். அன்று நான் பார்த்தது அவ்வளவுதான், ஒரு கோணிய வாய் திறந்தது.

போதகர் அண்ணன் பக்கம் தட்டை நீட்டினார். அண்ணன் தலையை அசைத்து மறுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அதன்பின் “முடிக்கல” என்ற வார்த்தை அண்ணி வாயிலிருந்து வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டார். சமாதானத்தோடு போனாரா என்று கோவிலில் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். வலியில் போனார், மூச்சுக்குத் தவித்துப் போனார். அதற்கு மேல் நான் அலங்காரம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

அடக்கத்துக்கு மறுவாரம் போனபோது அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி விட்ட இடத்திலிருந்து அந்த வெள்ளைத் துணியை நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். “அன்னிக்கு காலைல தண்ணி இறைச்சிட்டு பலகைய சுவத்துல சாத்தி வெச்சிட்டுப் போனவன் நான். அவளுக்குத் தெரியும். ஒரு நாள் வாயத் தொறந்து கேக்கல பாரு.”

இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ், ஒரே பலகையைப் பார்த்துக்கொண்டு, தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

இப்போதும் முதல் ஞாயிறு வந்தால் அண்ணனை அழைத்துவரப் போகிறேன். போன ஞாயிறும் அப்படித்தான். அவர் துணியில் ஏதோ ஓரிடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஊடையைப் பிரிக்கத் தொடங்கினார்.

“ஆராதனைக்கு நேரமாச்சுண்ணா.”

“நீ போ. இத முடிச்சிட்டு வரேன்.”

நான் சுவரிலிருந்த பலகையை எடுத்து, பழைய இடத்தில், அந்தச் செங்கல்மேலேயே படுக்க வைத்தேன். போன மாதமும் வைத்தேன், அவர் மறுபடி எடுத்துச் சாய்த்துவிட்டார். இந்த மாதமும் சாய்ப்பார். ஆனால் வரும் சனிக்கிழமை மாலை போதகரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் மேசை இருக்கிறதா என்று கேட்பார். அதற்கு முன்பே நான் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும், பலகையை இந்த முறை அண்ணனே எடுத்து வைக்கட்டும்.