எங்கள் புஞ்சை வனமான கதை

பூமி சூடாகிறது என்று ஐரோப்பாவில் சட்டம் போட்டால், அது கடலாடிப் பக்கம் எங்கள் புஞ்சை வரப்பில் வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வந்து நின்றது. எல்லோரும் பதறினார்கள். எனக்கு மட்டும் ஒரே குஷி.

நான் வேலை பார்ப்பது ஒரு கரி கோடவுனில். எங்கள் வட்டாரத்தில் வேறு எது விளைகிறதோ இல்லையோ, சீமைக்கருவேலம் விளையும். இரண்டு வருஷம் உழாமல் விட்ட நிலத்தில் தானாக முளைத்து ஆளை மறைத்துவிடும். அதை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, மூட்டம் போட்டு எடுத்தால் கரி. நாங்கள் அதைச் சலித்து மூட்டை கட்டித் தூத்துக்குடி வழியாகக் கப்பலேற்றுகிறோம். கோடைக்காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து இறைச்சி சுட்டுத் தின்கிற ஐரோப்பியர்களுக்கு அது போய்ச் சேர்கிறது. கல்லூரியில் நான் படித்தது புவியியல். இங்கே செய்வது பில் அடிக்கிற வேலை. படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

போன ஆவணியில்தான் ஒட்டிக்கொண்டது. சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வனத்தை அழித்து எடுத்த மரமோ கரியோ இனி ஐரோப்பாவுக்குள் வர முடியாதாம். எந்த நிலத்தில் வெட்டியது என்று ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டுமாம். சட்டம் அமலாகும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள், ஆனாலும் இப்போதிருந்தே பழகிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் குதிக்காத குறை. "நான் பாத்துக்கிறேன் மொதலாளி, இது என் பாடம்" என்றேன்.

அந்த லோடுக்கு மரம் வெட்டியது பதினோரு நிலங்களில். போனைக் கையில் பிடித்தபடி பதினொன்றையும் சுற்றி நடந்தேன். முள் செருப்பைத் துளைத்து ஏறியது. வெயிலில் முகம் கரியை விடக் கறுத்தது. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் நின்று பொத்தானை அமுக்கும்போது பூமியில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு பெருமை. கோடவுனுக்குத் திரும்பிக் கோடுகளை அனுப்பினேன். அங்கே அவர்கள் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திப் பார்த்துப் பதில் போட்டார்கள். பத்து நிலம் பச்சை, ஒன்று சிவப்பு. அந்தச் சிவப்பு என்னைப் பெற்ற அய்யாவின் புஞ்சை.

எனக்கு மானமே போயிற்று. காரணம் பார்த்தால் அதைவிட வேடிக்கை. மற்ற பத்துப் பேரும் மரத்தை வெட்டிவிட்டுத் தூரை அப்படியே விட்டிருந்தார்கள். அது துளிர்த்துவிட்டது. வானத்திலிருந்து பார்த்தால் மரம் மறுபடி வளர்கிறது. அய்யாதான் ஜேசிபி வைத்துத் தூரைத் தோண்டி, உழுது, குண்டு மிளகாய் போடத் தயாராக வைத்திருந்தார். வானத்திலிருந்து பார்த்தால் அது வனத்தை அழித்து விவசாயம் செய்வது!

முதலாளி சுலபமாக வழி சொன்னார். "ஏம்மா, ஒங்க அய்யாவ இந்த வருசம் வெதைக்க வேணாம்னு சொல்லு. கருவை தானா வளந்துரும். லோடும் போயிரும்."

அய்யா திருப்பூரில் வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். மிளகாய் போடுகிற ஆசையைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லை. புரட்டாசி பிறந்தாயிற்று. மழைக்கு முன்னால் விதை மண்ணில் விழ வேண்டும். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லமாட்டேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொன்னேன். அது வனமே இல்லை, எங்கள் நிலம், நிரூபித்துக் காட்டுகிறேன் என்று மெயில் அடித்தேன். அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வீடியோவில் வந்தார். பொறுமையான மனுஷி. "நம்புகிறேன். ஆனால் முன்பு பயிர் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும். எந்த வருஷம் நின்றது, ஏன் நின்றது என்றும் படிவத்தில் எழுதுங்கள்" என்றார்.

எந்த வருஷம் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதுகிற அடங்கலை நகல் எடுத்துப் பார்த்தேன். வருஷா வருஷம் தரிசு, தரிசு என்றே இருந்தது. அதற்கு முந்தைய பதிவு கிடைக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. செயற்கைக்கோள் இன்று மட்டுமா சுற்றுகிறது?

கம்ப்யூட்டரில் பழைய படங்களை ஒவ்வொரு வருஷமாகப் பின்னால் தள்ளினேன். கருவை, கருவை, கொஞ்சம் குறைந்த கருவை. இன்னும் தள்ளினேன். சட்டென்று மரம் எல்லாம் மறைந்து, கோடு போட்ட நோட்டு மாதிரி வரப்பும் பாத்தியுமாக எங்கள் புஞ்சை வந்து நின்றது. "மொதலாளி! வந்திருச்சு, வந்திருச்சு!" என்று நான் கத்தியதில் சலிக்கிற பெண்கள் சல்லடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வனத்துக்கு வரப்பு ஏது? ஒருத்தி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, யார் மூலமோ விஷயம் தெரிந்து, விதைக்கலாமா என்று கேட்க அய்யா வந்து நின்றார். நாற்காலியில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், "இந்தா, கெணறு இங்கன இருக்கு பாரு" என்று விரலை வைத்தார்.

"அய்யா, வெள்ளாமைய எதுக்கு நிறுத்துனீங்க? அத எழுதணும்."

"மழை இல்லன்னு போடு."

போட்டேன். போட்டுவிட்டு, வருஷம் சரிதானா என்று படத்தை மறுபடி பார்த்தேன். பயிர் நின்ற முதல் வருஷத்துப் படம். கண்மாய் நிறைந்து கிடந்தது. சுற்றி எல்லோர் புஞ்சையும் பச்சை. எங்களது மட்டும் வெறும் மண்.

"அய்யா, அந்த வருசம் கண்மாயில தண்ணி கெடக்கே?"

அவர் திரையைப் பார்க்கவில்லை. "நீ காலேஜு சேந்த வருசம்த்தா. மிளகாயி காய்ச்சுப் பழுத்து வார வரைக்கும் காலேஜுல பீசுக்குப் பொறுப்பானா? மாசச் சம்பளம்னா திருப்பூருதான். அது எதுக்கு அவுகளுக்கு, அத விடு. வெதைக்கலாமா வேணாமா, கேட்டுச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார்.

உழைக்க உடம்பு வணங்காமல் ஊரை விட்டுப் போனவர் என்று நானே அவரை எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன். திருப்பூர் மைனர் என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார். படிவத்தில் மழை என்று அடித்ததை அழித்தேன். 'மகளைக் கல்லூரியில் படிக்க வைக்க வெளியூர் வேலைக்குப் போனார்' என்று ஆங்கிலத்தில் அடித்து, படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. விவசாய நிலம் என்று ஏற்றுக்கொண்டோம், பயிர் செய்யலாம், லோடும் வரலாம். எங்கள் புஞ்சை பச்சையாகியிருந்தது. முதலாளி ஆள் அனுப்பி எல்லோருக்கும் வடை வாங்கிவரச் சொன்னார். நான் வெளியே ஓடி அய்யாவுக்குப் போன் போட்டேன்.

"அய்யா! வெதைங்க! இன்னைக்கே வெதைங்க!"

"காரணம் என்னன்னு போட்ட?" என்றார்.

"மழை இல்லன்னுதான்யா."

"ம். அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.