பத்ருன்னிசா எடுத்த ஓய்வு

கௌஸ் முகம்மது தன் துணிக்கடையை மகன் முஆத் கையில் ஒப்படைத்தது 2005இல். கீழக்கரையிலிருந்து இளவயதில் பஹ்ரைனுக்கு வந்தவர். மனாமா சந்தையில் இன்னொருவர் கடையில் துணி மடித்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். இப்போது சர்க்கரை ஏறி, சற்று நேரம் நின்றாலே கால் வீங்கியது. "போதும் வாப்பா, இனி நான் பார்த்துக்கிறேன்" என்று மகன் சொன்னபோது அவருக்கு மறுக்கத் தோன்றவில்லை. பிரியாணி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். கடை உரிமத்துக்குப் பொறுப்பாளியான பஹ்ரைனிக்காரர், கஃபீல்கூட வந்து கட்டித் தழுவி வாழ்த்திவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அவர் குதைபியா பகுதியில் இருந்த வீட்டிலேயே இருந்தார். அவர் மனைவி பத்ருன்னிசாவுக்கு அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

முன்பெல்லாம் காலையில் பசியாறிவிட்டுக் கடைக்குப் போனால் இரவு இஷா தொழுகைக்குப் பிறகுதான் திரும்புவார். மதியச் சாப்பாடு கேரியரில் போய்விடும். பிற்பகல் முழுக்க பத்ருன்னிசாவுடையது. இப்போது நடுக்காலையில் ஒரு தேநீர், மதியம் சுடச்சுடச் சோறு, மாலை அஸர் தொழுகை நேரத்தில் கடிக்க ஏதாவது. மீன் ஆணத்தில் புளி தூக்கலா, குறைவா என்று ஒரு தீர்ப்பு வேறு. ஒரு நாள் அடுப்படிக்குள் புகுந்து டப்பாக்களையெல்லாம் கடையில் அடுக்குவதுபோல் உயரவாரியாக அடுக்கி வைத்தார். பத்ருன்னிசா சீரகத்தைத் தேடியே களைத்துப் போனாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"பத்ரு, ஒரு டீ."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்க ரிட்டயர் ஆயிட்டீக."

"ஆமா, அல்ஹம்துலில்லாஹ்."

"நான் எப்ப ஆகுறது?"

அவர் சிரித்தார். "பொம்பளைக்கு என்ன ரிட்டயர்மென்ட்?"

"நீங்க கடை திறந்த அன்னைக்குத்தான் நானும் இங்க அடுப்பு பத்த வச்சேன். கடைய மகன்கிட்ட கொடுத்தீக. இந்தக் கரண்டிய நான் யார்கிட்ட கொடுக்க?" அவள் குரல் உயரவில்லை. "ராத்திரிச் சாப்பாடு ஆக்குறேன். பகல் சாப்பாடு இனி கலாஸ், முடிஞ்சு போச்சு."

மாலையில் வேலையிலிருந்து வந்த மருமகள் ரம்ஸியா இதைக் கேட்டுச் சிரித்தாள். "நல்ல முடிவு மாமி."

சில நாள் ஹோட்டலில் சாப்பிட்டுப் பார்த்தார் கௌஸ் முகம்மது. சர்க்கரை எகிற, டாக்டர் திட்டினார். வேறு வழியில்லாமல் அடுப்படிக்குப் போனார். முதல் நாள் சோறு கஞ்சியாகிவிட்டது.

"இஞ்சி பூண்டு எம்புட்டு நேரம் வதக்கணும்?" என்று அங்கிருந்து கத்துவார்.

"வாசம் வார வரைக்கும்" என்பாள் அவள், இருந்த இடத்தைவிட்டு எழாமலே.

ஆனால் அவளுக்கும் அது லேசாக இல்லை. கை சும்மா இருக்க மறுத்தது. தாளிக்கும் சத்தம் கேட்டால் கால் தானாக அடுப்படிப் பக்கம் திரும்பும். பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள், அதுவும் அலுத்தது. கேட்டு வாங்கிய ஓய்வை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தன் நெடுநாள் முழங்கால் வலிக்காக அவள் போன இடத்தில் டாக்டரம்மா, "தண்ணீருக்குள் நடந்து பாருங்கள், மூட்டுக்கு நல்லது" என்றார். மேல்மாடியில் இருந்த தஞ்சாவூர்க்கார ஷியாமளாவிடம் இதைச் சொன்னபோது அவள் துள்ளி எழுந்தாள்.

"நான் போற கிளப்புல காலை நேரம் லேடீஸ்க்கு மட்டும்தான் அக்கா. வாங்க, அப்படியே நீச்சலும் கத்துக்கலாம்."

"இந்த வயசுலயா? ஊர்ல கேட்டா சிரிப்பாக."

"சிரிக்கட்டுமே."

கீழக்கரையில் அவள் பிறந்த வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளிக் கடல். அலைச்சத்தம் கேட்டே தூங்கியவள்தான். ஆனால் வயசுக்கு வந்த பிறகு அந்தத் தண்ணீரில் கணுக்கால்கூட நனைத்ததில்லை.

வேண்டாம் என்பார் என்று நினைத்துத்தான் கணவரிடம் சொன்னாள்.

"என்ன உடுத்திக்கிட்டு இறங்குவே?" என்று கேட்டார்.

மறுநாள் கடைக்குப் போய்த் துணித்துண்டுகளை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பார்த்தார். பருத்தி நீரைக் குடித்துக் கனத்தது. கடைசியில் கருநீல நைலான் ஒன்று தேறியது. முழுக்கைச் சட்டை, கால்சட்டை, தலையை மூடும் தொப்பி எல்லாம் அதிலேயே தைத்துக்கொண்டாள்.

முதல் நாள் இடுப்பளவு நீரில் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். கற்றுக்கொடுக்கும் பிலிப்பினோ பெண், "யல்லா மம்மா, கையை விடுங்கள்" என்று சைகையும் சேர்த்துக் கெஞ்சினாள். கை விடவில்லை. உடை மாற்றும் அறையில் அழுகை வந்துவிட்டது.

"எனக்குச் சரிப்படாது" என்றாள் காரில்.

கௌஸ் முகம்மது வண்டியைக் கிளப்பவில்லை. "மொத நாள் நான் ஆக்குன சோத்த நீ ஒரு வார்த்தை சொல்லாமத் தின்னே. சொல்லியிருந்தா நான் மறுநாள் அடுப்படிப் பக்கமே போயிருக்க மாட்டேன். இன்னொரு தடவை போயிட்டு வா."

போனாள். பிறகும் போனாள். வெயில் தணிந்து குளிர்காலம் தொடங்கிய ஒரு காலையில், அந்தப் பெண் முதுகுக்கடியில் வைத்திருந்த கையை மெல்ல எடுத்துவிட்டாள். பத்ருன்னிசா மூழ்கவில்லை. காதுக்குள் நீர் நிறைந்து உலகத்தின் சத்தமெல்லாம் அடங்கியது. தன் உடம்பின் பாரத்தை வேறு எதுவோ சுமப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. ஷியாமளா கரையில் நின்று கைதட்டியதுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

வசந்தத்துக்குள் அவள் நீச்சல் குளத்தின் அகலத்தை மூச்சு வாங்காமல் கடந்தாள். முழங்கால் வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் மாடிப்படியில் நின்று நின்று ஏறுவது நின்றது. கௌஸ் முகம்மது ஷியாமளாவிடம் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டு, தன் மீன் ஆணத்தைவிட அது நன்றாக வந்ததில் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

பெருநாள் விடுமுறையில் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போனார்கள். அவள் அந்தக் கருநீல உடையோடு நேராகத் தண்ணீருக்குள் நடந்தாள்.

"உம்மா, தூரம் போகாதீங்க!" முஆத் பதறினான்.

ரம்ஸியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இருங்க. அவங்களுக்குத் தெரியும்."

கௌஸ் முகம்மது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யோசித்து யோசித்து முழங்கால் அளவு இறங்கினார்.

"தண்ணி ஜில்லுனு இருக்குதே பத்ரு!"

"நடங்க, சரியாயிரும்" என்று கத்திவிட்டு அவள் கையை வீசி நீந்தினாள்.