தோள் வலிக்கு விலாவில் வைத்தியம்

பிசியோதெரபி படித்த பிறகு பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாவிடம் ஆஸ்டியோபதி கற்றுக்கொண்டு நான் விருத்தாசலம் திரும்பியபோது, அந்தப் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. வலிக்கிற இடத்தோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் கையால் தொட்டுப் பார்த்து, இறுகிய இடத்தைத் தளர்த்தும் வைத்தியம் என்று விளக்குவேன். "எண்ணெ போட்டு நீவி வுடுவீங்களா?" என்று கேட்பார்கள். மருந்துக்கடை மாடியில் பிடித்திருந்த அறையில் பெரும்பாலும் நான் மட்டுமே உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு நாளில்தான் ஒரு அக்கா தன் கணவரோடு படியேறி வந்தார். அக்காவுக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்சில் வார்க்கும் வேலை. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஊசி, மாத்திரை, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று.

"தல வாரிக்கக்கூட முடியல மேடம். பொண்ணுதான் பின்னி வுடுது. வெக்கமா இருக்குது."

அவரை நிற்கவைத்து மூச்சு இழுக்கச் சொன்னேன். வலது பக்க விலா அசையவே இல்லை. பனிக்காலம் முழுக்க விடாமல் இருமினாராம். போதாததற்கு, பாரமான அச்சுகளை ஒரே பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குகிற வேலை. கட்டிலில் படுக்கவைத்து முதுகிலும் விலாவிலும் கை வைத்தேன்.

கணவர் எழுந்துவிட்டார். "இன்னாங்க இது? தோளு வலிக்குதுன்னு வந்தா முதுவப் புடிக்கிறீங்க?"

உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் நாற்காலியைக் காட்டிச் சொன்னேன்: "அண்ணே, நிமுந்து ஒக்காந்து கைய மேல தூக்குங்க. சரி, இப்ப நல்லா கூன் போட்டுக்கிட்டுத் தூக்குங்க."

கூன் போட்டதும் கை பாதியிலேயே நின்றது. மறுபடி தூக்கினார். மறுபடியும் நின்றது. "முதுவும் விலாவும் இறுகிக் கெடந்தா தோளு எப்படிண்ணே எழும்பும்?" என்றேன். நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

முதல் சில வாரம் பெரிதாக மாற்றம் இல்லை. அக்கா வருவதை நிறுத்திவிடுவாரோ என்று தூக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் கட்டிலில் படுத்திருந்தவர், "மூச்சு அடிவயிறு வரைக்கும் போவுது மேடம்!" என்றார். அதற்குப்பின் விலா இளகியது, முதுகு நிமிர்ந்தது, தோள் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டது.

ஒரு காலையில் தனியாக வந்தார். தலையில் கனகாம்பரம்.

"இன்னிக்கு யாரு பின்னுனது, சொல்லுங்க பாப்போம்!"

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களைக் கோத்துக் காட்டினார். நான் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மாடிக்கு ஓடிவந்தார். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டே அழுவதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் கணவர் வந்தார். "என் முட்டியயும் பாத்துடுங்க. எங்கேருந்து வேணா ஆரம்பிங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவருக்குப் பின்னால் பட்டறைப் பெண்கள் படி நெடுக நின்றிருந்தார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம்தான் சாப்பிட்டேன். ஆறிப்போன சோறு அவ்வளவு ருசியாக இருந்தது.