கறுப்பம்மன் மலை

நான் வேலை பார்க்கும் சைகோன் வரைபட அலுவலகத்தில் தோழி ஒரு சீத்தாப்பழத்தைப் பிளந்து, "பா தென் மலையடிப் பழம்" என்று நீட்டினாள். அந்த வாசனையில் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

டைபாய்டு தணிந்தால் மகள் நடந்தே மலைக்கோயில் ஏறுவாள் என்று அம்மா வேண்டியிருந்தாள். வியட்நாமியர் 'பா தென்' என்று கும்பிடும் அங்குள்ள கறுப்பம்மனை மாரியம்மன் என்றே நம்பினாள். பாதி வழியில் என் கால்கள் நடுங்கின.

"தோள்ல ஏறிக்க பாப்பா. அம்மா முன்னால போயிட்டா," என்றார் அப்பா.

"சாமி பாக்கும்."

"அது வியட்நாம் சாமி. நம்ம வேண்டுதல் அதுக்கு எங்க புரியப்போவுது?"

நான் தோளில் ஏறவில்லை. பத்துப் படி, ஒரு நிறுத்தம், மறுபடி பத்துப் படி என்று கோயிலை அடைந்தேன். அதற்குப் பின்னால் உச்சி இன்னும் உயரத்தில் தெரிந்தது.

"அங்கயும் போவணும்ப்பா."

"அடுத்த வருஷம்," என்றார்.

அதற்குள் சண்டை வந்துவிட்டது. இப்போது உச்சியில் அமெரிக்க ராணுவம் இருக்கிறது. வழி திறக்கும் நாளில் நடந்தே போவேன்.