பச்சையம்மா பார்த்த டாக்டர்கள்

லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் ஏலம் நடக்கும்போது பச்சையம்மாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும். கருவாடு போட்டு விற்பவள். நல்ல நெத்திலி வந்துவிட்டால் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒருநாள் மணலில் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்துப்போனது. மூச்சு முட்டியது. சாகப்போகிறோம் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் சுப்பராயலு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினான். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். சில நாள் கழித்து பஸ்ஸில் போகும்போது, திருப்பாலைவனம் நிறுத்தத்தில் மறுபடியும் அதே படபடப்பு. அதற்குப் பிறகு பஸ் என்றாலே பயம். பொன்னேரி டாக்டர் இந்த முறை சென்னைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

"இன்னாய்யா, எனக்குப் பைத்தியம்னு சொல்றாரா?"

"எனக்கு இன்னா தெரியும்? போய்ப் பார்ப்போம், வாமே" என்றான் சுப்பராயலு.

அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். முதல் அறையில் ஓர் இளைஞர், வீட்டில் யார் யார், தூக்கம் எப்படி, குடும்பத்தில் துக்கம் உண்டா என்று கேட்டார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து தம்பி செத்துப்போனதைக்கூட அவரிடம் சொல்லி அழுதாள். முடிவில், "ஊசி போடுவீங்களா டாக்டர்?" என்றாள்.

"நான் டாக்டர் இல்லம்மா. சமூகப் பணியாளர்."

பச்சையம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. டாக்டர் இல்லாத ஆளிடம் எதற்கு இவ்வளவும் சொன்னோம்?

அடுத்த அறையில் சிவகுமார் என்ற டாக்டர் கொஞ்ச நேரமே பேசினார். தைராய்டு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினார், மாத்திரை எழுதினார். அதற்கடுத்த அறையின் பலகையில் 'டாக்டர் சந்தியா' என்றிருந்தது. அந்த அம்மா பொறுமையாகப் பேசினார், மூச்சை மெல்ல விடச் சொல்லிக்கொடுத்தார். மருந்து மட்டும் தரவில்லை.

"பலகையில டாக்டர்னு போட்டுக்குதே மேடம்?"

"அது என் படிப்புக்குக் கொடுத்த பட்டம்மா. நான் உளவியலாளர். மருந்து எழுத மாட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் பச்சையம்மாவுக்குக் குழப்பம். நிறையப் பேசியவர் மருந்து தரவில்லை. மருந்து தந்தவர் சரியாகப் பேசவில்லை. இதில் யார் நிஜம்?

ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் 'கவுன்சிலிங்' என்று பலகை மாட்டியிருந்தார். பச்சையம்மா அவரையும் போய்ப் பார்த்தாள். அவரும் சந்தியாவைப் போலவே இனிமையாகப் பேசினார். மாத்திரை உடம்பைக் கெடுக்கும், நிறுத்திவிடுங்கள் என்றார். அவரும் டாக்டர்தான் என்று நம்பி நிறுத்தினாள். தலை சுற்றியது. படபடப்பு முன்பைவிட மோசமானது. மீன் வாங்கக் கரைக்குக்கூடப் போக முடியவில்லை. சுப்பராயலு மறுபடியும் சென்னைக்கு அழைத்துப்போனான்.

நடந்ததைக் கேட்டு சந்தியா கோபப்படவில்லை. "மருந்து கொடுக்கிறதும் குறைக்கிறதும் மனநல மருத்துவர் வேலை. நம்ம சிவகுமார் சார்தான் அது. பயத்தை எப்படிச் சமாளிக்கிறதுன்னு பழக்குறது என் வேலை. வீட்டு நிலவரம் பார்த்து உதவி பண்றது முதல் ரூம்ல பார்த்தீங்களே, அந்தத் தம்பி வேலை. வெளியில யார்கிட்டப் போனாலும் என்ன படிச்சீங்கன்னு கேளுங்க. கேட்டா தப்பில்ல."

"மூணு பேரும் வேணுமா?"

"உங்களுக்கு இப்ப வேணும். எல்லாருக்கும் வேணும்னு இல்ல."

பாதி புரிந்தது. சிவகுமார் மாத்திரையை மறுபடி தொடங்கினார். சந்தியா சொன்னபடி முதலில் ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு என்று பஸ்ஸில் போய்ப் பழகினாள். படபடப்பு முழுதாகப் போகவில்லை. வந்தாலும் உயிர் போய்விடாது என்பது தெரிந்தது. ஏலத்தில் மறுபடியும் அவள் குரல் கேட்டது.

மழைக்காலம் முடிந்ததும் பக்கத்து வீட்டு மாலா தூக்கம் வரவில்லை என்று வந்து நின்றாள். "யக்கா, நான் எந்த டாக்டரைப் பார்க்கணும்?"

பச்சையம்மா யோசித்தாள். உளவியலா, மனநலமா, பெயர்கள் நாக்கில் குழம்பின. "மாத்திரை எழுதுறவர் ஒருத்தர், பேசுறவங்க ஒருத்தர்… இன்னொருத்தர் பேரு மறந்துபோச்சு. எனக்கே சரியாத் தெரியலடி. சனிக்கிழமை நான் போறேன், நீயும் வா. அங்கயே கேட்டுக்கலாம்."